ஏலத்தோட்டப் படம்: ஃபுட்டேஜை பஸ்ஸில் அனுப்புவதா, நெட்டில் ஏற்றுவதா?

கம்பத்தான்:
ஏலத்தோட்டப் படத்துக்கு எடுத்தது 40 மணி நேர 4கே ஃபுட்டேஜ் (வெட்டாத வீடியோ). எடிட்டர் ஒருவர் குமுளியில், இன்னொருவர் கம்பத்தில். எல்லாத்தையும் க்ளவுடில், அதாவது நெட் சேமிப்பில், ஏற்றி வெட்டலாம்னு ஒருத்தர் சொல்றார். கணக்குப் போட்டாரா? 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) காட்சி மணிக்கு 45 ஜிபி, மொத்தம் 1.8 டிபி. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் நிற்காமல் ஓடினாலே 200 மணி நேரம். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் நிற்குமா? டிஸ்க்கை பஸ்ஸில் கொடுத்துவிட்டால் அன்றைக்கே வந்துசேரும்.

பெரியாறு கட்:
அண்ணே, ஒரிஜினலை ஏற்றச் சொன்னது யாரு? பிராக்ஸிதான், அதாவது வெட்டுவதற்கு மட்டும் செய்யும் சின்ன நகல். 720பி, 5 எம்பிபிஎஸ் வைத்தால் மொத்தமே 90 ஜிபி, ஒரே ராத்திரி வேலை. நாம வெட்டும் டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேரின் ப்ராஜெக்ட் லைப்ரரி (எங்கே வெட்டினோம் என்ற விவரம்) மட்டும் பிளாக்மேஜிக் க்ளவுடில். ஒருத்தர் திறந்து வேலை செய்யும் 'பின்' (bin, க்ளிப்புகளை வைக்கும் ஃபோல்டர்) அடுத்தவருக்குப் பூட்டு: பார்க்கலாம், கை வைக்க முடியாது. டிஸ்க்கை நம்பி இரண்டு பேரும் ஒரே சீனை வெட்டினால் எது கடைசி வெர்ஷன்?

கம்பத்தான்:
'ஃபைனல்_புதுசு_2' கூத்து உண்மைதான். ஆனால் எண் ரீசெட் ஆகும் கேமராவில் ஒவ்வொரு கார்டிலும் சி0001 என்ற பெயரில் ஒரு க்ளிப் இருக்கும். ஒரிஜினலோடு திரும்ப இணைக்கும்போது பேட்டி இருந்த இடத்தில் ஏலக்காய் ஸ்டோர் வந்து நிற்கும்.

பெரியாறு கட்:
காப்பி எடுத்த கையோடு தேதி, கேமரா, கார்டு எண் சேர்த்துப் பெயர் மாற்றணும். அதுக்கப்புறம்தான் பிராக்ஸி. வரிசை மாறினால் நீங்க சொன்னதுதான் நடக்கும்.

மைக்மேன்:
ரெண்டு பேரும் சத்தத்தை மறந்துட்டீங்க. முதல் சேனலில் காலர் மைக், இரண்டாவதில் பூம் (கோலில் கட்டிய மைக்). பிராக்ஸி செய்யும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. போனில் எடுத்தது இன்னும் மோசம்: ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் போகப்போக உதடும் பேச்சும் விலகும். முதலிலேயே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் நொடிக்கு மாறாத 25 ஃபிரேமுக்கு மாற்றுங்க. டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) ஒரிஜினலில் உள்ளதே இருக்கணும். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் கலந்து வரும் பேட்டிக்கு, மலையாளம் தெரியாத எடிட்டர் டைம்கோடு போட்ட எழுத்துப்படியை வைத்துத்தான் வெட்டுவார். அது பிசகினால் பாதி வாக்கியத்தில் கத்தரி விழும்.

கம்பத்தான்:
சரி, ஒரிஜினல் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு டிஸ்க்கில், பிராக்ஸி நெட்டில். ஆனால் ஒருத்தர் அப்டேட் அழுத்தி லைப்ரரியையும் புது வெர்ஷனுக்கு மாற்றினால் பழைய வெர்ஷன்காரர் வெளியேதானே?

பெரியாறு கட்:
படம் முடியும்வரை அப்டேட்டைத் தொடக்கூடாது. தினம் ராத்திரி டிஆர்பி ஃபைல் (ரிசால்வ் ப்ராஜெக்டின் நகல்) ஒன்றை எக்ஸ்போர்ட் பண்ணி உங்க டிஸ்க்கிலேயே போட்டுக்கோங்க அண்ணே.