கேரக்டர் ஆக்டர்: குணச்சித்திர நடிகர் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

"ஆங்கிலத்தின் 'கேரக்டர் ஆக்டர்' என்பதற்குக் குணச்சித்திர நடிகர் என்ற சொல் இருக்கும்போது புதிது எதற்கு?" என்று நேற்று ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பிரிட்டிஷ் நடிகர் பீட் போசல்த்வெயிட் பற்றிய கட்டுரையை நானும் அந்தச் சொல்லோடுதான் தொடங்கினேன். இரண்டாம் பத்தியில் சிக்கிக்கொண்டேன்.

குணச்சித்திரம் என்றதும் ரங்காராவும் நாகையாவும் நினைவுக்கு வருகிறார்கள். பாசமுள்ள அப்பா, நொந்துபோன பெரியவர். அதாவது நம் சொல் வேடத்தின் வகையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. போசல்த்வெயிட்டும் அப்பாவாக நடித்தவர்தான். 1988-இல் வந்த 'டிஸ்டன்ட் வாய்ஸஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தில், மனைவியையும் பிள்ளைகளையும் அடித்து நடுங்கவைக்கும் லிவர்பூல் தகப்பன். 1993-இல் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' படத்தில், செய்யாத குற்றத்துக்கு மகனோடு சிறைப்பட்டு, கைதியாகவே இறந்துபோகும் பெல்ஃபாஸ்ட் தகப்பன். எலும்பு துருத்திய அதே முகம்தான். முதல் படத்தில் அது திரும்பினாலே பயமாக இருக்கிறது. இரண்டாவதில் எனக்கு அழுகை வந்தது. இந்த இருவரையும் 'அப்பா வேடம்' என்று ஒரே அறையில் எப்படி அடைப்பது?

இரண்டாவது படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, துணை நடிகர் பிரிவில். அப்படியானால் துணை நடிகர் என்றே சொல்லலாமே என்றால், கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்பவர் கூட்டத்தில் நிற்பவர். தவிர, 2008-இல் லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கில் அவர் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகனான லியர் மன்னனாக நடித்தார். 1970களில் அவர் நடித்துப் பழகிய இடம் அது. லியரைத் துணை வேடம் என்று யார் சொல்வார்கள்?

இங்கே நண்பர்கள் முன்வைத்த 'பாத்திர நடிகர்' என்ற சொல் சுருக்கமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா நடிகரும் ஏதோ ஒரு பாத்திரத்தில்தான் நடிக்கிறார்கள். 'பல்வேட நடிகர்' என்றால் ஒரே படத்தில் பல வேடம் போடுபவர் என்று தோன்றிவிடும்.

என் முன்மொழிவு: ஆளுரு நடிகர். ஒவ்வொரு படத்திலும் ஒரு தனி ஆளின் உருவாக நிற்பவர் என்ற பொருளில். ஆளுரு நடிகை, ஆளுரு நடிப்பு என்று நீட்டவும் வசதி. 'ஆளுமை'யோடு குழம்புமோ என்ற தயக்கம் எனக்கும் இருக்கிறது. அப்புறம், ரங்காராவைப் பற்றி எழுதும்போது குணச்சித்திர நடிகர் என்றே எழுதுவேன். அது நம் சினிமா அவருக்குக் கொடுத்த பெயர்.

ஆளுரு நடிகர் காதுக்கு எப்படி இருக்கிறது, சொல்லுங்கள். 'ஆளுருக் கலைஞர்' இன்னும் பொருந்துமா?