மறு: பிரேக் ஃபேடுக்கு 'தடை மங்கல்' பொருந்துமா?

> அதிகச் செலவில்லாமல் கார் பிரேக்கை மேம்படுத்துவது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மலையிறக்கத்தில் வரும் பிரேக் ஃபேடுக்கு (சூடேறி பிரேக் வலுவிழப்பது) 'தடை மங்கல்' என்று போட்டிருக்கிறேன். குழுவினர் கருத்து?

வணக்கம் நண்பரே,

மங்கல் வேண்டாம். விளக்கு மங்கும், சாயம் மங்கும், பிரேக் எங்கே மங்கியது? 'தடை'யும் இடிக்கிறது, அதே கட்டுரையில் காற்றுத்தடை வந்தால் படிப்பவர் குழம்புவார். ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவர் 'பிரேக் பிடிக்கலை' என்பார், இன்னொருவர் 'பெடல் உள்ளே போகுது' என்பார். இவை இரண்டும் வேறுவேறு கோளாறு. ஒரே சொல்லில் போட்டு அடைத்தால் படிப்பவர் தேவையில்லாத பொருளுக்குக் காசு கொடுப்பார்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நாலாவது கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் கார் ஒன்றை வைத்துக்கொள்வோம். டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் உள்ள பிசின் அளவுக்கு மேல் சூடானால் வாயுவை விடும், அது பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே படலமாகப் புகுந்து உராய்வைக் குறைத்துவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது.

இரண்டாவது வகை பிரேக் ஆயிலில் நடப்பது. ஆயில் என்று பெயரே தவிர அது எண்ணெய் இல்லை, பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். பிரேக் திரவத்தின் தர வகைகளை டாட் என்று எண்ணிட்டுச் சொல்வார்கள், அதில் டாட் 3 வகைக்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும், ஈரமேறிய பிறகு 140 இருந்தாலே தரவிதிக்குப் போதும். டாட் 4க்கு இவை 230, 155. கொதித்தால் ஆவிக்குமிழி வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், ஆக நாம் மிதிக்கிற மிதி முழுக்கக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்து பெடல் தரையைத் தொடும்.

என் பரிந்துரை: பொதுச்சொல்லாக 'சூட்டுத்தளர்வு', முதல் வகைக்குக் 'கட்டைத்தளர்வு', இரண்டாவதற்குக் 'கொதிப்புத்தளர்வு'. சைக்கிள் கடையில் பிரேக் கட்டை என்றுதானே கேட்டு வாங்குகிறோம், கார் பேடுக்கும் அதுவே இருக்கட்டும்.

இப்படிப் பிரித்தால் உங்கள் செலவுக் கணக்கும் தானாகத் தெளிவாகும். கொதிப்புத்தளர்வுக்கு மருந்து சில நூறு ரூபாய் டாட் 4 டப்பாவும், பட்டறையில் பழையதை முழுக்க வெளியேற்றி ஏர் எடுப்பதற்கான (குழாயில் புகுந்த காற்றை நீக்குவதற்கான) கூலியும்தான். பல தயாரிப்பாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், நம் ஆட்களோ மட்டம் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றி மூடிவிடுகிறார்கள். (டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது, கட்டுரையில் கட்டாயம் சொல்லுங்கள்.) கட்டைத்தளர்வுக்கு நல்ல பேட், மாட்டிய பிறகு அதைப் பழக்குவது: காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை வேகத்தைக் குறைக்கவேண்டும், ஆனால் முழுக்க நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டு. செலவே இல்லாத வழி ஒன்று உண்டு, இரண்டாவது கியரில் இறங்குவது. பெரிய டிஸ்க், பேடை டிஸ்கில் அழுத்தும் விலையுயர்ந்த காலிப்பர் எல்லாம் குடும்பக் காருக்கு எதற்கு?

> 'ஆவியடைப்பு' என்று வேப்பர் லாக்குக்கு (திரவம் கொதித்து ஆவி சேர்வதற்கு) ஒரு சொல் பார்த்த ஞாபகம். அதையே வைத்துக்கொள்ளலாமே? அப்புறம், பின்சக்கர டிரம் சூட்டில் விரிந்து கட்டையைவிட்டு விலகினாலும் பெடல் இறங்குமே, அது எதில் சேரும்?

ஐயா, ஆவியடைப்பு பெட்ரோல் குழாய்க்குப் பொருந்தும், அங்கே ஆவி உண்மையிலேயே பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறது. பிரேக்கில் அடைப்பு எதுவும் இல்லை, அமுங்கல்தான். மாரடைப்பு கேட்டுப் பழகிய காது, குழாயைக் குத்தி விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்ளும்.

டிரம் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை விட்டுவிட்டேன். அது உராய்வும் கெடாமல் திரவமும் கொதிக்காமல் இடைவெளி மட்டும் கூடுவது, 'விரிவுத்தளர்வு' என்று மூன்றாவதாகச் சேர்க்கலாம். மாருதி ஆல்டோ மாதிரி பின்னால் டிரம் உள்ள வண்டிகள் இங்கே நிறைய ஓடுவதால் இந்தச் சொல் தேவைப்படும்.

டிஸ்குக்கு 'வட்டு' என்று எழுதுவதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். காலிப்பருக்கு 'இடுக்கி' எனக்கு ஒப்புதல், வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.