உச்சிமுராவைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம்: உங்களுக்கும் இருந்தா எழுதுங்க

கடல்காற்று:
ரொம்ப நாளா மனசுல கிடக்கு, எழுதிடறேன். 2021 அக்டோபர், ஜப்பான்ல கித்தாக்யூஷு. வேலைக்காக ஃபுகுவோகால இருந்த சமயம். ஜப்பான் ஜிம்னாஸ்ட் கோஹெய் உச்சிமுரா பிறந்த ஊர்லயே உலக சாம்பியன்ஷிப், ஹை பார் ஃபைனல், அதாவது உயரத்துல இருக்கற ஒத்தைக் கம்பி. மூணு மாசம் முன்னாடிதான் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தகுதிச் சுற்றுலயே கை நழுவி விழுந்திருந்தார், அது எல்லாருக்கும் தெரியும். வயசு 32. தோள்பட்டை வலியால மத்த அஞ்சு ஐட்டத்தையும் விட்டுட்டு இந்தக் கம்பிக்காகவே நின்ன மனுஷன்.

கொரோனா காலம், வாய்விட்டுக் கத்தக் கூடாது, கைதட்டலாம், அவ்வளவுதான். அதனால கம்பி அதிர்ற சத்தம்கூட மேல வரைக்கும் கேட்டுச்சு. முதல் தடவை கம்பிய விட்டுட்டு அவர் மேல பறந்தப்போ, பக்கத்துல இருந்த ஒரு பாட்டி என் சட்டைக் கையைக் கெட்டியாப் பிடிச்சுட்டாங்க. முன்பின் தெரியாதவங்க. ஒன்றரை வருஷமா யாரும் யாரையும் தொடாத ஊர் அது. அவர் சுத்தி இறங்கி, ரெண்டு காலும் ஆணி அடிச்ச மாதிரி மேட்ல நின்னப்புறம்தான் விட்டாங்க. விட்டுட்டு மூணு தடவை தலைகுனிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. போர்டுல ஆறாவது இடம்னு வந்துச்சு. அந்தம்மா போர்டைப் பாக்கவே இல்ல. கசங்கின என் சட்டைக் கை இன்னும் கண்ணுல நிக்குது.

மதுரைமணி:
எனக்கு ரியோ 2016 ஒலிம்பிக்ஸ், ஆறு ஐட்டத்து மார்க்கையும் கூட்டிப் பாக்கற ஆல்-ரவுண்ட் ஃபைனல். நம்ம ஊருக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பிச்சது. ஹாஸ்டல் ரூம்ல சிக்னல் வராது, மொட்டை மாடில உக்காந்து போன்ல பாத்தேன். அஞ்சு ஐட்டம் முடிஞ்சப்போ உக்ரைன்காரன் ஒலெக் வெர்னியாயேவ் 0.901 முன்னாடி. ஆல்-ரவுண்ட் ஃபைனல்ல அது மலை. கடைசி ஹை பார். உச்சிமுராவுக்கு 15.800. அப்புறம் வெர்னியாயேவ் ஏறி, முடிச்சு இறங்கினதும் நான் தனியா எழுந்து நின்னு கைதட்டிட்டேன். ஸ்கோர் வந்துச்சு, 14.800. மொத்தம் 92.365க்கு 92.266. 0.099ல போயிடுச்சு. அப்ப அவன் முகம் இருக்கே... இன்னிக்கும் சொல்றேன், அது அவனோட தங்கம். ராஜான்னு பேர் எடுத்தவருக்கு நடுவர் கை கொஞ்சம் தாராளமாத்தான் போகும். உச்சிமுரா பெரிய ஆளு, மறுக்கல. ஆனா அன்னிக்கு விடியற வரைக்கும் தூக்கம் வரல.

சுண்ணாம்புக்கை:
மணி தம்பி, கோவிச்சுக்காதீங்க. இதே கேள்வியை அன்னிக்கே பத்திரிகையாளர் சந்திப்புல உச்சிமுரா முகத்துக்கு நேரா கேட்டாங்க, நடுவர்களுக்கு உங்க மேல தனிப் பிரியமான்னு. அவருக்காகப் பேசினது யாரு? பக்கத்துல வெள்ளியோட இருந்த வெர்னியாயேவ். மார்க் எல்லாம் நியாயமானதுதான், இது வேண்டாத கேள்வின்னு வெட்டிவிட்டான். தோத்தவனுக்கே இல்லாத வருத்தத்தை நாம எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?

ரீப்ளேயை இன்னொரு தடவை போட்டு, இறங்கறப்போ அவங்க காலை மட்டும் பாருங்க. உச்சிமுரா கால் அசையல. வெர்னியாயேவ் ஒரு எட்டு வச்சான். சின்ன எட்டுக்கு 0.1, பெரிய எட்டுக்கு 0.3 குறைப்பாங்க. வித்தியாசமே 0.099தான். அதுவும் உச்சிமுரா அந்த ரொட்டீன் நடுவுலயே முதுகு பிடிச்சுக்கிட்டு, வலியோட இறங்கினவர்.

என்னோடது சின்ன விஷயம். 2008 பெய்ஜிங். காலைல ஆபீஸ் கிளம்பற அவசரம், ஒரு கால்ல ஷூ, இன்னொண்ணு கையில. டிவில 19 வயசுப் பையன் உச்சிமுரா, பாமல் ஹார்ஸ்ல (ரெண்டு கைப்பிடி வச்ச திண்டு) ஒரே ரொட்டீன்ல ரெண்டு தடவை விழறான். 24ஆவது இடம். போச்சுன்னு நினைச்சேன். அங்கிருந்து ஏறி ஏறி வெள்ளிக்கு வந்தான். அது வரைக்கும் ஒத்தை ஷூவோடயே நின்னேன். நானும் சின்ன வயசுல பாமல் ஹார்ஸ் பழகினவன். விழுந்தா அன்னிக்கு முழுக்க கை நடுங்கும். அந்தப் பையனுக்கு எப்படி நடுங்காம இருந்துச்சுங்கறதுதான் எனக்கு இன்னும் புரியல.

பனிவீடு:
நான் மொன்றியலில இருக்கிறன். 2017 ஒக்டோபரில உலகப் போட்டி இஞ்சதான் நடந்தது, ஒலிம்பிக் ஸ்டேடியத்தில. 2009இல இருந்து ஆறு உலகப் பட்டம், ரெண்டு ஒலிம்பிக் தங்கம், ஒல்-அரவுண்டில இந்த மனுசனை அங்க ஒருத்தரும் வெல்லேல்லை. ஏழாவதை நேரில பாப்பம் எண்டு மகளுக்கும் எனக்கும் ஃபைனலுக்கு ரிக்கெற் எடுத்து வைச்சிருந்தனான். தகுதிச் சுற்றில வோல்ட் பாய்ஞ்சு இறங்கேக்க இடது கணுக்கால் போச்சுது. அதோட விலகிட்டார். ஃபைனலில சீனப் பெடியன் சியாவ் ரோதெங் வெண்டவன், நல்லாத்தான் செய்தவன். மகள் அங்க பாக்காமல், "அப்பா, அவர் இப்ப எங்க இருப்பார்?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள். எனக்கும் அதே யோசினைதான். எட்டு வருசம் தன்ர எண்டு இருந்த இடத்தை அந்தாள் அண்டைக்கு எங்க இருந்து பாத்துக்கொண்டிருந்ததோ.

துறுதுறு அம்மா:
என் பையன் அப்ப ஒன்பது வயசு, ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸ் போயிட்டிருந்தான். டோக்கியோல அவர் விழுந்ததைச் சேர்ந்து பாத்தோம். பறந்து பிடிக்கற கஷ்டமானதை எல்லாம் முடிச்சுட்டு, கம்பிலயே கை மாத்தித் திரும்பற இடத்துல நழுவிட்டார். குப்புற விழுந்தார். எழுந்து திரும்பவும் ஏறி மிச்சத்தை முடிச்சார், 13.866. பையன் கேட்டான், "ஃபைனல்தான் கிடைக்காதேம்மா, அப்புறம் எதுக்கு மறுபடி ஏறினார்?" அடுப்புல பால் இருந்துச்சு, அதைச் சாக்கா வச்சு எழுந்து போயிட்டேன். என்ன பதில் சொல்லியிருக்கணும்னு இன்னும் யோசிக்கறேன். மறுவாரம் உள்ளங்கைத் தோல் உரிஞ்சு வந்தான், அழவே இல்ல.

சேலம் மாஸ்டர்:
2010 டெல்லி காமன்வெல்த்ல ஆஷிஷ் குமார் ஃப்ளோர்ல வெண்கலம் வாங்கினப்போ நான் அரங்கத்துல இருந்தேன். காமன்வெல்த் ஜிம்னாஸ்டிக்ஸ்ல இந்தியாவுக்கு முதல் மெடல். தொண்டை கட்டிப்போச்சு, அவ்வளவுதான் என் கதை.

அம்மா, உள்ளங்கை விஷயத்துக்கு வரேன். உரிஞ்ச தோலைப் பிய்க்க விடாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு, தொங்கற தோலை மட்டும் சுத்தமான கத்தரிக்கோலால வெட்டுங்க. ராத்திரி வாஸ்லின் தடவி, பழைய காட்டன் சாக்ஸைக் கைக்கு மாட்டி விடுங்க. காய்ப்பு தடிச்சா குளிக்கறப்போ நுரைக்கல்லுல லேசாத் தேய்க்கணும், தடிச்ச காய்ப்புதான் கிழியும். கம்பி பிடிக்கக் கைக்கு மாட்டற தோல் கிரிப்பை அடுத்தவங்ககிட்ட கடன் வாங்கிப் போடக் கூடாது. கைக்குப் பெரிசான கிரிப் கம்பில மடிஞ்சு மாட்டிக்கும், மணிக்கட்டே போயிடும். வளர்ற வயசுல மணிக்கட்டு வலின்னு சொன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, எலும்பு வளர்ற இடம் அது. உச்சிமுரா அப்பா அம்மா ரெண்டு பேருமே ஜிம்னாஸ்ட், இசஹாயாங்கற ஊர்ல சொந்த ஜிம், மூணு வயசுல ஆரம்பிச்சார். அதைப் பாத்து நம்ம பிள்ளைங்களை அவசரப்படுத்தக் கூடாது. அவரே 15 வயசுலதான் ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஜிம்னாஸ்ட் நவோயா த்சுகஹாராவோட பயிற்சி எடுக்கணும்னு வீட்டை விட்டு டோக்கியோ போனார்.

துறுதுறு அம்மா:
நன்றி மாஸ்டர். அவன் ஜிம்னாஸ்டிக்ஸ் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப ஃபுட்பால். நான் கை வைத்தியம் கேக்கல, அவன் கேட்ட கேள்வியைத்தான் சொன்னேன்.

மதுரைமணி:
சுண்ணாம்புக்கை அண்ணா, ரீப்ளே பாத்தேன், நாலு தடவை. எட்டு வச்சான், உண்மைதான். நடுவர் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா அஞ்சாவது தடவை ஓடறப்போ ஸ்கோர் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்.