ரோடமின் உணரி எல்லா மாதிரிகளிலும் ஒளிர்கிறது: உதவி தேவை

மண்டபம் மாணவி: பாம்பன், மண்டபம் படகுத்துறைகளில் எடுத்த கடல்நீரில் செம்பு அயனியைக் கண்டறிய ரோடமின் பி ஹைட்ராசைடு என்ற உணரியைப் பயன்படுத்துகிறேன். செம்பு இருந்தால் மட்டுமே நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாகி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். ஆனால் எல்லா மாதிரிகளும், ஒப்பீட்டுக்காக உடன் கொண்டுபோன வாலைவடிநீர்க் குப்பியும்கூட, ஒளிர்கின்றன. வழிகாட்டியிடம் விரைவில் காட்டியாக வேண்டும், உதவுங்கள்.

தொண்டி வாசகர்: கரைப்பான் எது, எந்த விளக்கில் பார்த்தீர்கள், பிஎச் (அமில-கார அளவு) எவ்வளவு?

கடலோரத்தான்: மண்டபம் பக்கம் பாசி வளர்ப்பு மிகுதி. அழுகிய பாசியிலிருந்து கரைந்த கரிமப் பொருள்தான் புற ஊதா விளக்கில் ஒளிர்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தொண்டி வாசகர்: அது நீலமாக ஒளிரும். வாலைவடிநீரில் பாசி ஏது?

மூத்த ஆய்வர்: அடிப்படையைப் படித்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும், அம்மா. திறந்த கடலில் செம்பு நானோமோலார் என்னும் மிக நுண்ணிய அளவில்தான் உண்டு. உலோகத்தை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியில் கொடுத்தால் வேலை முடிந்தது.

கீழக்கரை: முடியாது ஐயா. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள நீரை அப்படியே செலுத்தினால் உப்பே இடையூறாகும். முதலில் செம்பைப் பிரித்துச் செறிவாக்க வேண்டும். மேலும், படகின் அடியில் பூசும் பாசித்தடைச் சாயத்தில் செம்பு ஆக்சைடு இருப்பதால், படகுத்துறை நீரைத் திறந்த கடலோடு ஒப்பிடுவதும் பொருந்தாது.

மூத்த ஆய்வர்: செறிவாக்கத் தெரிந்தவர் செய்யட்டும். விளக்கொளியைக் கண்ணால் பார்த்து அளவு சொல்ல இயலாது.

மண்டபம் மாணவி: நீரும் எத்தனாலும் சம அளவு, கையடக்கப் புற ஊதா விளக்கு. பிஎச் பார்க்கவில்லை, வழக்கம்போல் எடுத்த இடத்திலேயே எல்லாக் குப்பிகளிலும் நைட்ரிக் அமிலம் விட்டிருக்கிறேன்.

தொண்டி வாசகர்: காரணம் அந்த அமிலமே. இந்த மூலக்கூறில் மூடியிருக்கும் வளையத்தைச் செம்பு திறப்பதைப் போலவே ஹைட்ரஜன் அயனியும் திறந்துவிடும், திறந்தால் ஒளிரும். ஆயினும் அமிலத்தைக் கைவிட வேண்டா; அது இல்லாவிட்டால் உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோதிக்கும் சிறு பகுதியை மட்டும் எரிசோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு நடுநிலையாக்கி, பிஎச் மாறாமல் காக்கும் ஹெப்பிஸ் இடையகக் கரைசலால் பிஎச் 7 அருகே நிறுத்துங்கள். டிரிஸ் என்ற இடையகம் வேண்டா, அது செம்பைப் பிடித்துக்கொள்ளும். சோடா மிகுந்தால் கடல்நீரிலுள்ள மக்னீசியம் வெள்ளையாகக் கலங்கிப் படியும், செம்பும் அதனோடு போய்விடும். பிறகு இரண்டாகப் பிரித்து, ஒன்றில் உணரிக்கு முன்பே, செம்பைப் பிணைத்துக்கொள்ளும் ஈடிடிஏ சேருங்கள்; அது ஒளிராமல் மற்றது மட்டும் ஒளிர்ந்தால் காரணம் உலோகம், அமிலம் அல்ல. பின்னால் சேர்த்துப் பயனில்லை, ஏனெனில் செம்பானது உணரியைச் சிதைத்து, ஒளிரும் ரோடமின் பி-யை விடுவித்த பின் அந்த ஒளிர்வு அணையாது.

மண்டபம் மாணவி: வாலைவடிநீர் இப்போது ஒளிரவில்லை, கடல்நீரும் ஒளிரவில்லை. செம்பு சல்பேட் சேர்த்த கடல்நீர் மட்டும் சிவந்தது. நன்றி.

கீழக்கரை: அதனால் செம்பே இல்லை என்று எழுதிவிட வேண்டா, சகோதரி. செம்பு சல்பேட்டைப் படிப்படியாகக் குறைத்துச் சேர்த்து, எந்த அளவு வரை ஒளிர்வு கண்ணுக்குத் தெரிகிறதோ அதையும் அறிக்கையில் சேருங்கள்.