மூப்படைந்த தோல் செல்லுக்கு எந்த ரெஃபரன்ஸ் ஜீன்?

வணக்கம். மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்களை (இணைப்புத் திசு செல்கள்) பிரிவது நிற்கும்வரை வளர்த்து, இளம் செல்களோடு கியூபிசிஆரில் (ஜீன் வெளிப்பாட்டை அளக்கும் முறை) ஒப்பிடுகிறேன். மூப்பின் அடையாள ஜீன்களான பி16, பி21 நன்றாகவே ஏறுகின்றன. சிக்கல் ரெஃபரன்ஸ் ஜீனில்தான் (அளவு மாறாது என்று நம்பி, மற்றவற்றை ஒப்பிட வைக்கும் ஜீன்). பீட்டா ஆக்டினின் சிடி மதிப்பே (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று எண்) 1.5 சுற்று தள்ளி நிற்கிறது, கிட்டத்தட்ட 2.8 மடங்கு! மூத்த செல் தட்டையாகிப் படர்வதால் ஆக்டின் மாறுவதில் வியப்பில்லை. ஜிஏபிடிஹெச் கிளைகாலிசிஸ் நொதி, அதையும் நம்பத் தயக்கம். 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ அளவுக்கு மீறிக் கொட்டிக் கிடக்கிறது.

டிபிபி, ஆர்பிஎல்13ஏ, ஒய்வாஸ் மூன்று ஜீன்களையும், எது நிலையானது என்று கணிக்கும் ஜீநார்ம் மென்பொருளில் போட எண்ணம். சேர்ந்தே ஏறி இறங்கும் ஜோடியையும் அது நிலையானது என்றுவிடும் என்பதால் நார்ம்ஃபைண்டர் என்ற இன்னொரு மென்பொருளும் உண்டு. வேறு எந்த ஜீன்களைச் சேர்க்கலாம்?

புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில், செல் கருவின் உறைப் புரதமான லாமின் பி1-ஐ லோடிங் கன்ட்ரோலாக (எல்லா மாதிரியிலும் ஒரே அளவு புரதம் ஏற்றினோமா என்று காட்டுவது) வைத்து ஏமாந்தேன் (மூப்பில் அதுவே குறையுமாம், சிரிக்காதீர்கள்). பான்சோ சாயமிட்டு மொத்தப் புரதத்தால் சமன்செய்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.