செகண்ட் ஹேண்ட் ப்ரீஆம்ப்: லேசாகத் திருப்பினாலே அலறுகிறது, கூடவே ஹம்

கேள்வி:
உயர்தர ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் இருந்து வால்யூமைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ட்யூப் இல்லை, டிரான்சிஸ்டரில் ஓடும் சாலிட் ஸ்டேட். மேனுவல் வரவில்லை. டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), டிஷ் செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் எல்லாமே ஆர்சிஏ வயர் இணைப்பு. வால்யூம் குமிழ், கடிகார முள் கணக்கில், எட்டு மணி நிலையைத் தாண்டினாலே வீடு அதிர்கிறது. அதற்குக் கீழே வைத்தால் பாடுபவர் குரல் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டை நிறுத்தினால் ‘ம்ம்ம்’ என்று ஹம். வால்யூமை ஏற்றினாலும் இறக்கினாலும் அது அப்படியே இருக்கிறது. கெபாசிட்டர்களை மாற்றச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். மூடியைத் திறக்கவா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். டிஏசி பொதுவாக 2 வோல்ட் தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்புகளை முழு சக்திக்கு ஓட்ட 1 முதல் 2 வோல்ட் போதும். நடுவில் ப்ரீஆம்ப் 20 டிபி (டெசிபல்), அதாவது வோல்ட்டேஜைப் பத்து மடங்கு பெருக்கினால் அலறத்தானே செய்யும்? ட்யூனர், டேப் டெக் தந்த சின்ன சிக்னலுக்குத் தேவைப்பட்ட கெயின் (பெருக்கம்) அது.

குரல் சாய்வதும் இதோடு சேர்ந்ததே. வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் இடது, வலது என்று இரண்டு தடங்கள். குமிழின் அடிப்பகுதியில் அவை சரியாக ஒத்துப்போகாது, புதுப் பொட்டென்ஷியோமீட்டரிலும் இதைப் பார்க்கலாம். டிஏசியின் டிஜிட்டல் வால்யூமில் 12 டிபி குறைத்துவிட்டு, குமிழைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கேளுங்கள். அந்த வசதி இல்லையென்றால் சிக்னலைக் குறைக்கும் ஆர்சிஏ அட்டென்யுவேட்டர் போடலாம்.

பழைய சரக்கு என்பதால் இன்னொன்று. பவர் ஆம்பைக் கழற்றிவிட்டு, ப்ரீஆம்ப் அவுட்புட்டில் டிசி (நேர் மின்சாரம்) வருகிறதா என்று மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் பவர் ஆம்பில் மாட்டவே மாட்டாதீர்கள், ஸ்பீக்கர் போய்விடலாம்.

பதில் 2:
ஹம் எனக்குப் பிடித்த விஷயம்! ப்ரீஆம்ப் பவர் கார்டு இரண்டு பின்னா, மூன்றா? டிஷ் கேபிளைப் பிடுங்கினால் ஹம் நிற்கிறதா?

கேட்டவர்:
இரண்டு பின். பவர் ஆம்ப் மூன்று பின். டிஷ் கேபிளைக் கழற்றியதும் கப்சிப்!

பதில் 2:
அப்படியென்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வயர்கள் வழியே உருவாகும் வளையம். டிஷ் எர்த்தும் பவர் ஆம்ப் எர்த்தும் வேறு வேறு இடம். இடையில் ஓடும் மின்னோட்டம், ப்ரீஆம்புக்கு எர்த் இல்லாததால், பவர் ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ வயரின் ஷீல்டு (வெளிக் கம்பி உறை) வழியே கடக்கிறது. சிக்னல் போகும் பாதையில் அந்த இடம் வால்யூம் குமிழுக்கு அடுத்து வருவதால்தான் குமிழுக்கு ஹம் அசையவில்லை. செட்டாப் பாக்ஸில் ஆப்டிகல் அவுட்புட் இருந்தால் அதை டிஏசிக்குக் கொடுங்கள். ஒளிதான் போகும், கிரவுண்ட் தொடாது. பவர் ஆம்பின் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஹம் நிற்கும், ஆனால் உள்ளே லீக் ஆனால் ஷாக் உங்களுக்குத்தான்.

கேட்டவர்:
ஆப்டிகல் போட்டாயிற்று, ஹம் இல்லை. குமிழ் இப்போது பத்தரை மணியில், குரல் நடுவில். டிசி இரு பக்கமும் 5 மில்லிவோல்ட்டுக்குள். நன்றி. ஆன் செய்யும்போது மட்டும் ‘டப்’ என்று ஒரு அடி, அது எதனால்?

பதில் 1:
இரண்டையும் ஒரே சுவிட்சில் போடுகிறீர்கள் போல. ப்ரீஆம்ப் முதலில், அது நிலைப்பட்ட பின் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில், ஒரு நிமிடம் விட்டு ப்ரீஆம்ப். கெபாசிட்டரைத் தொடவே வேண்டாம்.