டிஎக்ஸ்7, மினிலாக், வெளிக் கம்ப்ரசர்: கணினியோடு இணைத்தால் ரீங்காரமும் தாமதமும்

கேள்வி

வணக்கம். என்னிடம் யமஹா டிஎக்ஸ்7, கோர்க் மினிலாக் ஆகிய இரண்டு சிந்தசைசர்களும் இரண்டு சேனல் கொண்ட ஒரு வெளிக் கம்ப்ரசரும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) உள்ளன. எட்டு உள்ளீடுகளும் எட்டு வெளியீடுகளும் கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும் பெட்டி) வழியாக இவற்றை மடிக்கணினியில் உள்ள ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணைத்திருக்கிறேன். மினிலாக்கிற்கு யூஎஸ்பி கேபிளையும் டிஎக்ஸ்7-க்கு ஐந்து முள் மிடி கேபிளையும் (ஒலியை அல்ல, எந்தச் சுரம் என்ற செய்தியைக் கடத்துவது) பயன்படுத்துகிறேன்.

மினிலாக்கின் யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுகிறது. மவுஸை நகர்த்தினால் அதன்மேல் மெல்லிய கீச்சொலியும் சேர்ந்துகொள்கிறது. அதே மினிலாக்கில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், முதலில் ஒலித்த சுரம் அறுந்துபோகிறது. டிரம்ஸ் ஒலியை வெளிக் கம்ப்ரசருக்கு அனுப்பி, திரும்பி வருவதை மூல ஒலியோடு கலந்தால், முழுவதும் ஒரு குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்குமா, அல்லது தனித்தனியாகத் தேட வேண்டுமா?

பதில் 1

மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள். ரீங்காரம் மின் இணைப்பைச் சார்ந்தது, சுரம் அறுவது மிடி வழியைச் சார்ந்தது, குழாய் ஒலி காலத்தைச் சார்ந்தது. முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். ரீங்காரம் மறைந்தால், எர்த் இணைப்பு இரண்டு பாதைகளில் சுற்றி வருகிறது என்பது உறுதி: ஒன்று யூஎஸ்பி கேபிளின் கவசம் வழியாக, மற்றொன்று ஆடியோ கேபிளின் கவசம் வழியாக. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரமும் 50, 100 ஹெர்ட்ஸ்களில் கேட்கும். கீச்சொலி கணினியின் உள்ளிருந்து வருவது. சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிட்டு இதைத் தீர்த்ததாகச் சொல்வார்கள். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கருவியில் பழுது ஏற்படும் நாளில் உங்கள் உயிரைக் காப்பது அந்த முள்தான்.

இதற்குச் சரியான வழி, மினிலாக்கையும் ஐந்து முள் மிடிக்கு மாற்றுவது. மிடி உள்ளீட்டில் ஒளிவழித் தடுப்பு ஒன்று இருக்க வேண்டும் என்பது 1983-இல் வந்த முதல் விதிமுறையிலேயே உள்ளது; செய்தி ஒளியாகக் கடந்து செல்வதால், இரண்டு கருவிகளின் எர்த்தும் அங்கே ஒன்றையொன்று தொடுவதில்லை. யூஎஸ்பியையே வைத்துக்கொள்ள விரும்பினால், ஆடியோ பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கருவியின் ஒலியை இன்டர்ஃபேஸுக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை இடையில் வையுங்கள். கேபிளை நீங்களே பற்றவைப்பவராக இருந்தால், இரண்டு உட்கம்பிகள் கொண்ட கேபிளை எடுத்து, சிந்தசைசர் முனையில் ஒரு கம்பியை மோனோ பிளக்கின் நுனியிலும் மற்றதை அதன் ஸ்லீவிலும் சேர்த்து, கவசத்தை மட்டும் அங்கே இணைக்காமல் விடுங்கள். இன்டர்ஃபேஸ் முனையில் நுனி, ரிங், ஸ்லீவ் மூன்றையும் முறையாக இணையுங்கள். பெரும்பாலான நேரங்களில் இதுவே போதும்.

சுரம் அறுவதற்குக் காரணம் இதுதான்: மினிலாக்கில் நான்கு குரல்கள் மட்டுமே உள்ளன, அதாவது ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள்தான் ஒலிக்கும். நீங்கள் ஒரு கட்டையை அழுத்தும்போது அது தானாக ஒருமுறை ஒலிக்கிறது. அதே செய்தி ரீப்பருக்குச் சென்று திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை ஒலிக்கிறது. ஒரு கட்டைக்கு இரண்டு குரல்கள் செலவாவதால், மூன்றாம் கட்டைக்கு இடம் இல்லாமல் போகிறது. மினிலாக்கின் பொது அமைப்புகளில் லோக்கல் என்பதை ஆஃப் செய்யுங்கள்; கட்டைகள் நேரடியாக ஒலி எழுப்புவது நின்றுவிடும்.

பதில் 2

கம்ப்ரசரைப் பற்றி நான் எழுதுகிறேன். வெளியே சென்ற ஒலி திரும்பி வருவதற்குள், இன்டர்ஃபேஸின் பஃபரை (ஒலித் தரவு சிறிது நேரம் சேர்ந்து நிற்கும் நினைவகம்) இருமுறை கடக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள்கள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்) எடுக்கும்போது, 256 சாம்பிள் பஃபர் என்றால், அதற்கு மட்டும் ஏறத்தாழ 10.7 மில்லி விநாடி ஆகும். மின் ஒலியை எண்களாகவும் எண்களை மின் ஒலியாகவும் மாற்றும் மாற்றிகளின் தாமதம் இதனுடன் சேரும். கம்ப்ரசரை ரீப்பரில் உள்ள ரியாஇன்சர்ட் என்னும் ப்ளக்-இன் (துணை மென்பொருள்) வழியாக இணைத்து, அதிலுள்ள பிங் பொத்தானை அழுத்தினால், அது ஒரு துடிப்பை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அளந்து, மற்ற ட்ராக்குகளை அதற்கேற்பப் பின்னுக்குத் தள்ளும். பிங் செய்யும்போது கம்ப்ரசரை பைபாஸில் (ஒலியை மாற்றாமல் கடத்தும் நிலையில்) வையுங்கள். ஸ்பீக்கர் ஒலியையும் குறைத்துவிடுங்கள்.

மூல ஒலியோடு கலப்பதாக இருந்தால், கணக்கில் தளர்வு கூடாது. பத்து சாம்பிள் மட்டும் பிசகினாலே 2,400 ஹெர்ட்ஸில் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். டிரம்ஸின் அடி தெளிவாகக் கேட்பதற்கு உதவும் பகுதி அது. ஆகவே, பஃபர் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி பிங் செய்ய வேண்டும்.

கம்ப்ரசரின் பின்புறம் +4, −10 என்ற சுவிட்ச் இருந்தால் +4-இல் வையுங்கள். முன்னது 1.23 வோல்ட்டையும் பின்னது 0.316 வோல்ட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. சுவிட்ச் தவறாக இருந்தால் ஏறக்குறைய 12 டெசிபெல் வேறுபாடு வந்து, கம்ப்ரசரின் திருகுகளில் உள்ள எண்கள் எதுவும் பொருந்தாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மினிலாக்கை மிடி கேபிளுக்கு மாற்றியதும் ரீங்காரம் முழுமையாக நின்றது. லோக்கலை ஆஃப் செய்ததும் நான்கு சுரங்களும் ஒலிக்கின்றன. பிங் 594 சாம்பிள் என்று காட்டியது. இப்போது டிரம்ஸ் கனமாகவும் தெளிவாகவும் கேட்கிறது. ஆனால் புதிதாக ஒன்று தோன்றியிருக்கிறது. இன்டர்ஃபேஸில் ஒரே ஒரு மிடி வெளியீடு இருப்பதால், இரண்டு சிந்தசைசர்களையும் அதிலேயே தொடராக இணைத்தேன். இரண்டும் சேர்ந்து ஒரு கார்டை ஒலிக்கும் இடங்களில், மினிலாக் சற்றுப் பின்தங்குவதுபோல் உணர்கிறேன்.

பதில் 3

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. மிடி கம்பியில் ஒரு விநாடிக்கு 31,250 பிட்டுகள் மட்டுமே செல்லும். ஒரு பைட்டுக்குப் பத்து பிட்டுகள் தேவை. ஒரு சுரத்தைத் தொடங்க மூன்று பைட்டுகள் தேவை. ஆகவே ஒரு சுரத்திற்கு ஏறத்தாழ 1 மில்லி விநாடி ஆகிறது. டிஎக்ஸ்7-க்கு ஆறு சுரங்களும் மினிலாக்கிற்கு நான்கு சுரங்களும் ஒரே கணத்தில் அனுப்பினால், கடைசிச் சுரம் வந்து சேரும்போது 10 மில்லி விநாடி கடந்திருக்கும். செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்ல முடியும் என்பதால், ரீப்பர் எந்த ட்ராக்கின் செய்திகளை முதலில் அனுப்புகிறதோ அந்தக் கருவி முந்திக்கொள்ளும்.

டிஎக்ஸ்7-இன் த்ரூ துளையிலிருந்து (உள்ளே வரும் மிடி செய்தியை அப்படியே அடுத்த கருவிக்கு அனுப்பும் துளை) மினிலாக்கிற்குக் கேபிள் செல்வதாகக் கொள்கிறேன். மினிலாக்கில் த்ரூ துளை இல்லாததால், தொடரை வேறு வரிசையில் அமைக்க இயலாது. பலரும் த்ரூ மீது பழி போடுவார்கள், ஆனால் அது செய்தியை அப்படியே கடத்துகிறது. நெரிசல் கம்பியில்தான் உள்ளது. இரண்டு வெளியீடுகள் கொண்ட ஒரு யூஎஸ்பி மிடி பெட்டியை வாங்கினால், ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி கிடைக்கும். இரண்டும் ஐந்து முள் இணைப்பாகவே இருப்பதால் ரீங்காரமும் திரும்பி வராது. அதுவரை, மினிலாக் ட்ராக்கை 5 மில்லி விநாடி முன்னுக்கு நகர்த்திப் பாருங்கள்.

இறுதியாக, டிஎக்ஸ்7 தன் கட்டைகளின் செய்திகளை முதல் மிடி சேனலில் மட்டுமே அனுப்பும். மினிலாக்கை இரண்டாம் சேனலுக்கு மாற்றி வையுங்கள். இல்லையெனில் டிஎக்ஸ்7-இல் நீங்கள் வாசிப்பதற்கு இரண்டு கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும். டிஎக்ஸ்7-இல் வாசித்துப் பதிவு செய்யும்போது அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை (வரும் செய்தியை ரீப்பர் உடனே திருப்பி அனுப்புவதை) நிறுத்திவிடுங்கள். பதிவு வழக்கம்போல் நடக்கும், ஒலி கருவியிலிருந்து நேராகக் கேட்கும்.